ஒன்றரை மில்லிமீட்டர்

நாலு ஓட்டை ஒத்து வந்தால் எதை வேண்டுமானாலும் எதிலும் மாட்டலாம் என்பது என் அண்ணனின் வேதம். டிராக்டர் பட்டறை வைத்திருக்கிற ஆள் இப்படிப் பேசலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நானே கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனவள். அவன் பட்டறை பின்பக்கம், என் உதிரிபாகக் கடை முன்பக்கம். இரண்டுக்கும் ஒரே கூரை, ஒரே கேட், ஒரே கரண்ட் மீட்டர். அப்பா பிரித்துக் கொடுத்தபோது நடுவில் ஒரு சுவரையும் எழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் புண்ணியத்தை மட்டும் அவர் கட்டிக்கொள்ளவில்லை.

ஊர் அவனுக்கு வைத்த பெயர் 'அட்ஜஸ்ட்'. போல்ட் நீளமாக இருந்தால் அறுத்து அட்ஜஸ்ட். பைப் குட்டையாக இருந்தால் இழுத்து அட்ஜஸ்ட். வாஷர் கிடைக்கவில்லையா, பழைய டியூபை வெட்டி அட்ஜஸ்ட். எதுவும் உடனே கெட்டுப்போகாது, அதுதான் அவனுடைய அதிர்ஷ்டம். கெட்டுப்போகும்போது வண்டியைக் கொண்டுவந்த ஆள் வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பான். அண்ணன் மேல் பழி வராது.

என் கடைக்கு யாராவது எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு ஹைட்ராலிக் வால்வைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்பார்கள். வண்டி எது, பம்ப் எது, எவ்வளவு அழுத்தம், கைப்பிடியை விட்டால் ஆயில் எங்கே போகவேண்டும் என்று நான் கேட்பேன். பின்னாலிருந்து அண்ணன் குரல் வரும்: "ஏம்மா, அந்தாளு வால்வு வாங்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா? இவ்ளோ கேள்வி கேக்கற!" வாடிக்கையாளரும் சிரிப்பார். எனக்கு உச்சந்தலை வரை எரியும்.

உங்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது புரியாது. வால்வு என்பது கைக்கடக்கமான ஓர் இரும்புக் கட்டி. பம்ப் தள்ளும் ஆயிலை எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை அதுதான் தீர்மானிக்கும். கைப்பிடியைத் தள்ளினால் வண்டியின் முன்னால் இருக்கிற லோடர் கை ஏறும், இழுத்தால் இறங்கும். அதன் அடிப்பக்கத்துக்கு ஒரு பொது அளவு இருக்கிறது. எந்தக் கம்பெனி செய்தாலும் நாலு போல்ட் ஓட்டைகளும் நடுவில் நாலு ஆயில் வாய்களும் அதே இடத்தில்தான் இருக்கும். ஒருவன் செய்ததைக் கழற்றிவிட்டு இன்னொருவன் செய்ததை மாட்டலாம். ஆனால் அடி ஒத்துப்போவதால் மட்டும் ஆயிற்றா? உள்ளே ஓடுகிற தண்டு வேறாக இருக்கும், தாங்குகிற அழுத்தம் வேறாக இருக்கும், கைப்பிடி எதிர் முனையில் இருக்கும். சட்டை அளவு சரியாக இருக்கிறது என்பதற்காக யாரும் பெண் கொடுப்பதில்லை.

அந்த அளவை வகுத்த புத்திசாலிகள் இன்னொரு காரியமும் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கத்து இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், எதிர்ப்பக்கத்து இரண்டுக்கு நடுவே உள்ளதைவிட ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வால்வை முனை மாற்றித் திருப்பி மாட்டப் பார்த்தால் போல்ட் இறங்காது. ஆயில் வருகிற வாயும் திரும்பிப் போகிற வாயும் இடம் மாறிவிடக்கூடாது என்று வேண்டுமென்றே வைத்த கோணல் அது. முட்டாள்களை மனதில் வைத்துச் செய்தது. முட்டாள் கையில் ட்ரில்லும் இருக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை.

இனி என் கணவர். சொந்த டிராக்டர், முன்னால் லோடர், மண் அள்ளவும் மரம் ஏற்றவும் வாடகைக்கு ஓட்டுகிறார். நல்ல டிரைவர் என்று ஊரே சொல்லும். என் அண்ணனைத் தவிர. கல்யாணத்தன்றே இரண்டு பேருக்கும் ஆகவில்லை. இவர் "மச்சான்" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் இவரை மாப்பிள்ளை என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "உன் வண்டிக்காரன் வந்திருக்கான் பாரு" என்பான். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம், இரண்டு பக்கமும் இடி.

இவர் வண்டியின் வால்வு தேய்ந்துபோனபோது அதே கம்பெனிப் பொருள் கிடைக்கவில்லை. வேறு கம்பெனியுடையதை என் அலமாரியிலிருந்து நான்தான் எடுத்தேன். அழுத்தம், அளவு, உள் தண்டு எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தேன். எல்லாம் சரி, கைப்பிடி மட்டும் எதிர் முனையில். அதையும் அண்ணனிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

"கைப்பிடி இனிமே இடது பக்கம் வரும். அப்படியே மாட்டு. திருப்பிக் கிருப்பி வெச்சுடாத."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"எடுக்க வேண்டிதான் இருக்கு."

"போடி அங்கிட்டு, நான் பாத்துக்கறேன்."

இந்த "பாத்துக்கறேன்" இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு இருந்த நம்பிக்கையும் போய்விடும். ஆனால் வண்டி ஓடியது. லோடர் ஏறியது, இறங்கியது. சரி, இந்த ஒரு தடவையாவது சொன்னபடி செய்தானே என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த நாள். காலையில் இவர் வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அண்ணன் தெருவில் நின்று, "வண்டிக்காரனுக்குப் பொண்ணக் குடுத்தா வாசலை அடைப்பான்னு அன்னிக்கே சொன்னேன்" என்று கத்தினான். இவர் திரும்பி வந்து கத்தினார். கடைசியில், "உன் கைய ஒடச்சாத்தான்டா நீ அடங்குவ!" என்று இவர் சொன்னது தெருக்கோடி வரை கேட்டது. எல்லாக் கடையிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

அன்று மத்தியானமே அந்தக் கை உடைந்தது. பெரிய வண்டி ஒன்றின் கியர்பாக்ஸைத் தூக்க வேண்டியிருந்தது. பட்டறையில் பாரம் தூக்கும் செயின் பிளாக் வேறு வேலையில் மாட்டியிருந்ததால், அண்ணன் வெட்கத்தை விட்டு இவர் வண்டியைக் கூப்பிட்டான். லோடர் கையில் சங்கிலி போட்டு கியர்பாக்ஸைத் தூக்கினார் இவர். கீழே கட்டை வைக்க அண்ணன் கையை நீட்டினான். என்ன ஏது என்று தெரிவதற்குள் லோடர் மொத்தமாக இறங்கிவிட்டது. விழுந்த வேகத்தில் ஓர் ஆயில் குழாயும் கிழிந்து பட்டறை முழுக்க எண்ணெய். அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அவனை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். அண்ணி வாசலிலேயே மறித்தாள்.

"காலைல ஒடப்பேன்னு சொன்னாரு, மத்தியானம் ஒடச்சிட்டாரு. சொன்ன சொல் தவறாத மனுஷன் உன் புருஷன்!"

"அண்ணி, வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. அது மெஷினு. ஏதோ கோளாறு."

"கோளாறா? கைப்பிடிய யாரு புடிச்சிருந்தா? திங்கக்கெழம போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். வேணும்னே பண்ணினான்னு எழுதிக் குடுக்கப் போறோம். தெருவே சாட்சி."

உள்ளே படுத்திருந்த அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். சிறுவயதில் என்னை சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்தவன் அவன். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. என் புருஷன் முன்கோபக்காரர்தான். ஆனால் தெரிந்தே ஒரு மனுஷன் கையில் இரும்பைப் போடுகிறவர் இல்லை. வேண்டுமென்றே செய்தார் என்று வழக்குப் போனால் ஜெயில்தான்.

பட்டறைக்கு வந்தேன். டிராக்டர் அப்படியே நின்றிருந்தது. கைப்பிடி வலது பக்கம் இருந்தது.

நான் கொடுத்த வால்வின் கைப்பிடி இடது பக்கம்தானே வரவேண்டும்? எனக்கு அந்த இடத்திலேயே பாதி புரிந்துவிட்டது. போல்ட்டுகளைக் கழற்றி வால்வை வெளியே எடுத்துத் துடைத்தேன். நாலு ஓட்டைகளில் இரண்டு அகலமாகியிருந்தன. யாரோ ட்ரில் போட்டுப் பெரிதாக்கி, திருப்பி மாட்டியிருக்கிறார்கள். அதனால்தான் பம்ப்பின் அழுத்தம் முழுக்க, ஆயில் சும்மா வடிந்து போகவேண்டிய அறைக்குள் போயிருக்கிறது. அந்த அறையை அடைக்கிற ரப்பர் சீல் அதைத் தாங்குகிற சீல் இல்லை. லேசான வேலைக்கு இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. கியர்பாக்ஸ் கனத்துக்குப் பிய்த்துக்கொண்டது. உள்ளே சீல் கிழிந்து சுருண்டு கிடந்தது.

யாரோ என்ன யாரோ! அட்ஜஸ்ட்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் திருப்பி மாட்டிவிட்டு, என் புருஷன் தலையில் பழியைப் போடுகிறான்!

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வால்வைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன். இந்த ஓட்டை, அந்த ஓட்டை, இந்தச் சீல். "நீங்க கைப்பிடிய இழுக்கவே இல்ல. சீல் போனதாலதான் விழுந்துச்சு. இந்த ஓட்டைய எவன் போட்டானோ அவன்தான் இதுக்குப் பொறுப்பு."

இவர் வால்வைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் துணியாலேயே மூடி வைத்தார்.

"போய்க் கேளு உங்க அண்ணன" என்றார். "தனியாக் கேக்காத. நாலு பேர வெச்சுக் கேளு."

அப்படியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பட்டறையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லாரும் கூடினோம். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்து அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அண்ணி, கையில் பர்ஸை வாள் மாதிரி பிடித்துக்கொண்டு. அடுத்த கட்டடத்து லேத்காரரைப் பொதுமனிதராக நான்தான் கூப்பிட்டிருந்தேன். இரும்பு விஷயத்தில் அவர் சொல்லை அண்ணனும் தட்டமாட்டான். இவர் தூணோரமாக நின்றார்.

"சீக்கிரம் சொல்லித் தொலை" என்றாள் அண்ணி. "இவருக்கு மாத்திரை நேரம்."

கடை அலமாரியிலிருந்து அதே மாதிரிப் புது வால்வு ஒன்றைக் கொண்டுவந்தேன். வண்டியில் அது உட்காருகிற தட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தேன். புது வால்வை நேராக வைத்தேன். நாலு போல்ட்டும் வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கின. கழற்றினேன். திருப்பி வைத்தேன். இரண்டு இறங்கின, இரண்டு முட்டிக்கொண்டு நின்றன.

"பாத்தீங்களா? திருப்பி மாட்டவே முடியாது. இப்ப இந்தப் பழசப் பாருங்க."

பழைய வால்வைத் திருப்பி வைத்தேன். நாலும் இறங்கின.

"ஓட்டையப் பெருசாக்கியிருக்கு. கைப்பிடி வலது பக்கம் வரணும்னு திருப்பி மாட்டியிருக்கு. அதனாலதான் சீல் கிழிஞ்சு லோடர் விழுந்துச்சு." அண்ணனைப் பார்த்தேன். அத்தனை வருடத்துக் கோபமும் வாயில் வந்து நின்றது. "திருப்பாதன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா? நாலு ஓட்டை ஒத்து வந்தாப் போதும்னு வாய் கிழியப் பேசினியே, இப்ப ஒத்து வந்துச்சா? உன் விரல என் புருஷன் எடுக்கல. உன் ட்ரில்லுதான் எடுத்துச்சு. இதுல இவர ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கற! நீயெல்லாம் ஒரு அண்ணனா?"

அண்ணியின் கையிலிருந்த பர்ஸ் மடியில் இறங்கியது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு, பொய் சொல்வானேன், அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. இடது கையை நீட்டினான்.

"அத இங்க குடு."

கொடுத்தேன். ஷட்டர் வழியாக வந்த வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தான். திருப்பி மறுபக்கமிருந்தும் பார்த்தான். அவன் முகம் மாறியது. விரல் போனபோதுகூட அவன் அப்படி அவமானப்பட்டிருக்க மாட்டான்.

"இத நான் போட்டேன்னு சொல்றியா?"

"பின்ன?"

"நான்?" வால்வை என் மூக்குக்கு நேராக நீட்டினான். "கண்ணத் தொறந்து பாருடி. ஓட்டை கோணலா இறங்கியிருக்கு. மேல ஒரு எடம், கீழ ஒரு எடம். ரெண்டு தடவ வழுக்கி வெளியில கீறியிருக்கு. என்கிட்ட மேஜை ட்ரில் இருக்கு. பொருளக் கவ்வில வெச்சு இறுக்காம நான் ஒரு ஓட்ட போட்டதுண்டா? தப்பு வேல பண்ணுவேன். ஆயிரம் பண்ணியிருக்கேன். கேவலமான வேல பண்ண மாட்டேன்."

"நல்லா இருக்கே நியாயம்!" என்றேன். ஆனால் என் குரலில் பலம் குறைந்திருந்தது.

லேத்காரர் அவன் கையிலிருந்து வால்வை வாங்கி, தம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது கை ட்ரில்லுல போட்டது. மடியிலயோ தரையிலயோ வெச்சுப் போட்டிருக்கான். மெஷின் வேல இல்ல."

"நீ சொன்ன மாதிரியே இடது பக்கந்தான் மாட்டினேன்" என்றான் அண்ணன் என்னிடம். "சொன்னாக் கேக்கறவன் இல்லதான் நான். ஆனா நீ வால்வு விஷயத்துல சொன்னா சரியா இருக்கும்னு எனக்குத் தெரியும். மாட்டின மறுநாளே உன் வண்டிக்காரன் வந்து குதிச்சான், இடது பக்கம் கைக்கு வாட்டமா இல்ல, மாத்திக் குடுன்னு. ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னன்னு கேட்டு வெரட்டிவிட்டேன். அதுக்கப்புறம் அந்த வண்டிய நான் தொடவே இல்ல."

எங்கள் வீட்டில் ஒரு கை ட்ரில் இருக்கிறது. அலமாரித் தட்டு அடிக்க நான்தான் வாங்கினேன். அது பல நாளாக வண்டியின் டூல் பாக்ஸில் கிடக்கிறது.

தூணோரமாக நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நீங்களா?"

"கைக்கு வாட்டமா இல்ல" என்றார். "மரம் ஏத்தறப்ப ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இந்தாளு மாத்தித் தரமாட்டேன்னுட்டாரு. ரெண்டு ஓட்ட லேசா இடிச்சுது. சும்மா கொஞ்சம்தான் பெருசாக்கினேன். நல்லா வேல செஞ்சுதே! அதனாலதான் விழுந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன வேணும்னா பண்ணேன்?"

அது உண்மைதான். வேண்டுமென்று செய்யவில்லை. அங்கேயே அவர் நிறுத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், அண்ணன் காலில்கூட விழுந்திருப்பேன், புருஷனுக்காக மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆனால் எனக்கு முந்தின நாள் மத்தியானம் கண் முன்னால் வந்து நின்றது.

"நேத்து சாப்பிடறப்ப இந்த ஓட்டையத் தொட்டுத் தொட்டுக் காட்டினேனே. இதப் போட்டவன்தான் பொறுப்புன்னு சொன்னேனே. அப்ப தெரிஞ்சுதுல்ல?"

அவர் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைக் காலால் தேய்த்தார்.

"கேக்கறேன்ல, தெரிஞ்சுதா இல்லையா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா நாலு பேர வெச்சுக் கேளுன்னு அனுப்பின?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை நான் 'நீ' என்று ஒருமையில் பேசியதே இல்லை. அவரும் அதைக் கவனித்தார். சட்டென்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனுக்கு வரும் கோபம்.

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? என்னைய ஜெயிலுக்குப் போகச் சொல்றியா? உங்கண்ணன் பேரு ஏற்கெனவே கெட்டுப்போனதுதானே. அட்ஜஸ்ட்டுன்னு ஊரே சொல்லுது. கூட ஒரு ஓட்டைய அவன் கணக்குல எழுதினா அவனுக்கென்ன கொறஞ்சுபோவுது?"

லேத்காரர் வால்வை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு ஷட்டர்ப் பக்கம் பார்த்தார். அண்ணன் தன் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை என்னென்ன சொன்னேன் என்பதெல்லாம் அந்தப் பட்டறைக்குள் இன்னும் அப்படியே நின்றது. நீயெல்லாம் ஓர் அண்ணனா என்று கேட்டிருந்தேன். இரண்டு விரல் போனவனை, நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டிருந்தேன். என் வாயை வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறான் இந்த மனுஷன்.

"வேணும்னு பண்ணலன்னு தெரிஞ்சுபோச்சு" என்றான் அண்ணன் அண்ணியிடம். "கம்ப்ளெய்ன்ட்ட விடு. எந்திரி, வீட்டுக்குப் போலாம்."

அண்ணி எழுந்தாள். அத்தனை நாள் கொதித்தவள், இப்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்திக்கொண்டு அவன் தோளைப் பிடித்து எழுப்பினாள். அவள் இரக்கப்பட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவர் தூணைவிட்டு நகர்ந்து, எல்லாம் முடிந்துவிட்டது போல, என்னிடம் "வா, நாமளும் போலாம்" என்றார்.

"அண்ணி" என்றேன். "நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போங்க. விடாதீங்க. போறப்ப என்னையும் கூப்பிடுங்க."

"நீ எதுக்கு?"

"வேணும்னு கைய ஒடைக்கலன்னு சொல்றதுக்கு. ஓட்டை போட்டது யாருன்னு சொல்றதுக்கு. தெரிஞ்சே அதை உங்க புருஷன் தலைல போடச் சொல்லி என்னை அனுப்பினது யாருன்னு சொல்றதுக்கு."

"உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினார் இவர்.

நான் வால்வைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அண்ணன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஷட்டரைக் குனிந்து வெளியே வந்தேன்.